ஆம்பியர் இறங்கியது, பில் இறங்கவில்லை: அட்மிட்டன்ஸ் என்றால் என்ன?

எங்கள் தெருமுனையில் ஒருவர் மேசை போட்டு ஒரு சின்னப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதை பிளக்கில் செருகினால் கரண்ட் பில் பாதியாகிவிடும் என்றார். வெறும் பேச்சோடு நிற்காமல் செய்தும் காட்டினார். மேசைமேல் ஓடிக்கொண்டிருந்த ஒரு குட்டி மோட்டாரின் வயரை டாங் டெஸ்டரால் (வயரில் எத்தனை ஆம்பியர் கரண்ட் ஓடுகிறது என்று காட்டும் இடுக்கிக் கருவி) கவ்விப் பிடித்தார், ஒரு எண் வந்தது. பெட்டியைச் செருகினார். எல்லோர் கண்ணெதிரே அந்த எண் இறங்கியது. அங்கேயே நாலைந்து பேர் பணம் எடுத்துக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணனும் ஒன்று வாங்கினார்.

டெஸ்டர் பொய் சொல்லவில்லை, கரண்ட் நிஜமாகவே குறைந்தது. ஆனால் அதை வாங்கிப் போன யாருக்கும் பில் குறையப் போவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை அன்று மாலை அண்ணனுக்கு விளக்க உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றி அட்மிட்டன்ஸில்தான் வந்து நின்றேன். பாடப் புத்தகத்தில் "இம்பீடன்ஸின் தலைகீழ் அட்மிட்டன்ஸ்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வரி சரிதான். ஆனால் அதோடு நின்றுவிட்டால் கணக்கில் கட்டாயம் ஓரிடத்தில் சறுக்குவோம், அந்தப் பெட்டிக்காரரிடமும் ஏமாறுவோம்.

டிக்கெட் கவுண்டரில் தொடங்குவோம்

ரயில் நிலையத்தில் இரண்டு கவுண்டர்கள் இருக்கின்றன. முதலாவதில் ஓர் ஆளுக்கு டிக்கெட் கொடுக்க 2 நிமிடம் ஆகிறது. இரண்டாவதில் இருப்பவர் வேலைக்குப் புதிது, அவருக்கு 3 நிமிடம். இரண்டும் திறந்திருந்தால் எத்தனை நிமிடத்துக்கு ஒருவர் டிக்கெட்டோடு வெளியே வருவார்?

2-ஐயும் 3-ஐயும் கூட்டி 5 என்று யாரும் சொல்ல மாட்டோம். கவுண்டர் கூடினால் வரிசை வேகமாகத்தானே நகரும்? அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவோம்: ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர்? முதல் கவுண்டரில் 30, இரண்டாவதில் 20, மொத்தம் 50. அறுபது நிமிடத்தில் ஐம்பது பேர் என்றால் ஓர் ஆளுக்கு 1.2 நிமிடம்.

"ஓர் ஆளுக்கு எத்தனை நிமிடம்" என்பது மின்தடை மாதிரி. கரண்ட் போவது எவ்வளவு கடினம் என்பதை அது சொல்லும், அளவு ஓம். "ஒரு மணிக்கு எத்தனை பேர்" என்பது கண்டக்டன்ஸ் மாதிரி. கரண்டுக்கு எவ்வளவு தாராளமாக வழி கிடைக்கிறது என்பதை அது சொல்லும், அளவு சீமன்ஸ். 2 ஓம், 3 ஓம் இரண்டையும் பக்க இணைப்பில் போட்டால் மொத்தத் தடை 1.2 ஓம். கவுண்டர் கணக்கேதான்.

சீமன்ஸுக்கு முன்பு மோ என்று ஒரு பெயர் இருந்தது. கெல்வின் பிரபு 1883-இல் ஓம் என்பதைத் திருப்பிப் போட்டு வைத்த பெயர் அது. தமிழிலும் ஓ, ம் இரண்டையும் இடம் மாற்றினால் மோதான் வருகிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1971-இல் சீமன்ஸ் அதிகாரப்பூர்வ அலகாயிற்று. பழைய எலெக்ட்ரிகல் ஆட்கள் வாயில் இன்னும் மோ வருவதைக் கேட்கலாம்.

வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாமே பக்க இணைப்பில்தான் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அதே 230 வோல்ட், ஒவ்வொன்றும் தனிக் கவுண்டர். அதனால் வீட்டுக் கணக்கை ஓமில் போடுவதைவிட சீமன்ஸில் போடுவதே இயல்பு. பக்க இணைப்பில் ஓம்களைக் கூட்ட முடியாது, சீமன்ஸைக் கூட்டலாம். இதுவரை இவ்வளவுதான் விஷயம்.

ஏசியில் ஒரு கைமாற்று

பேட்டரியில் கதை இங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்கு வருவது ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். வோல்டேஜ் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது, ஒரு முழுச் சுற்றுக்கு 20 மில்லிநொடி.

அயர்ன் பாக்ஸுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. எந்தத் திசையில் வந்தாலும் வாங்கியதை அப்போதே சூடாக்கிச் செலவழித்துவிடும். மோட்டாருக்குள் இருப்பது போன்ற கம்பிச் சுருளும், கண்டன்சர் என்கிற மின்தேக்கியும் அப்படியல்ல. இரண்டும் வாங்குவதைச் செலவழிப்பதே இல்லை. சுருள் அதைக் காந்தப்புலமாகவும் கண்டன்சர் மின்புலமாகவும் கொஞ்ச நேரம் வைத்திருக்கும். 5 மில்லிநொடி வாங்கும், அடுத்த 5 மில்லிநொடியில் திருப்பிக் கொடுத்துவிடும்.

நம் ஊரில் கைமாற்று வாங்குகிறோமே, அது இப்படித்தான். காலையில் வாங்கிய 500 ரூபாயை மாலையில் கொடுத்துவிட்டால் கடன் ஒன்றுமில்லை. ஆனால் போய் வாங்கவும் கொண்டுபோய்க் கொடுக்கவும் ஓர் ஆள் நடந்தாக வேண்டும். மின்சாரத்தில் அப்படி நடக்கிற ஆள் வயர்தான். திருப்பிக் கொடுக்கப்போகிற கரண்ட் என்றாலும் அது வயரில் ஓடுகிறது, வயரைச் சூடாக்குகிறது, டாங் டெஸ்டரில் தெரிகிறது.

இதில் இன்னொரு அழகும் இருக்கிறது. சுருளில் கரண்ட் வோல்டேஜுக்குக் கால் சுற்று பிந்தி வரும், கண்டன்சரில் கால் சுற்று முந்தி வரும். அதனால் சுருள் வாங்குகிற நேரத்தில் கண்டன்சர் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கைமாற்றை அவை தங்களுக்குள்ளேயே முடித்துக்கொள்ளும், தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வரை நடக்க வேண்டாம். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வேண்டும்.

இனிச் சொற்கள். சுருளோ கண்டன்சரோ கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்புக்கு ரியாக்டன்ஸ் என்று பெயர். மின்தடையும் ரியாக்டன்ஸும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு இம்பீடன்ஸ். இவை எல்லாம் ஓமில். இம்பீடன்ஸின் தலைகீழ்தான் அட்மிட்டன்ஸ்: ஒரு வோல்ட் கொடுத்தால் எத்தனை ஆம்பியருக்கு இடம் கொடுக்கிறது என்பது. அதற்குள் இரண்டு பங்கு. செலவாகிற கரண்டுக்கு இடம் கொடுக்கும் பங்கு, நாம் ஏற்கெனவே பார்த்த கண்டக்டன்ஸ். கைமாற்றுக் கரண்டுக்கு இடம் கொடுக்கும் பங்குக்கு சஸெப்டன்ஸ் என்று பெயர். இவை எல்லாம் சீமன்ஸில்.

இரண்டு பத்திக் கணக்கு

இந்த இரண்டு பங்குகளையும் ஒரே எண்ணாகக் கூட்டிவிட முடியாது. கிழக்கே 4 கிலோமீட்டர், பிறகு வடக்கே 3 கிலோமீட்டர் நடந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்த் தூரம் 7 இல்லை, 5. இங்கேயும் அப்படித்தான். கண்டக்டன்ஸ் ஒரு திசை, சஸெப்டன்ஸ் அதற்குச் செங்குத்தான திசை. அதனால் நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். கண்டக்டன்ஸை கண்டக்டன்ஸோடும் சஸெப்டன்ஸை சஸெப்டன்ஸோடும் மட்டும் கூட்டுங்கள். மொத்த அளவு வேண்டுமென்றால் கடைசியில் பிதாகரஸ் தேற்றம்:

அட்மிட்டன்ஸ் அளவு = √(கண்டக்டன்ஸ்² + சஸெப்டன்ஸ்²)

வகுப்பில் ஜே என்று ஓர் எழுத்தைப் போட்டு எழுதுவார்கள். அது "இந்தப் பத்தி செங்குத்துத் திசை" என்று காட்டும் அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. அட்மிட்டன்ஸ் என்ற சொல்லை 1887-இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைட். பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்து, தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்து, மீதியைத் தானாகவே படித்த ஆங்கிலேயர். ஜே போட்டு ஏசி கணக்கு போடும் முறையை 1893-இல் சிகாகோ மாநாட்டில் பொறியாளர்கள் முன் வைத்தவர் சார்ல்ஸ் ஸ்டைன்மெட்ஸ். அதற்கு முன் இதே கணக்குக்குப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது.

குறியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓம் கணக்கில் சுருளுக்குக் கூட்டல் குறி, கண்டன்சருக்குக் கழித்தல் குறி. சீமன்ஸ் கணக்கில் அது அப்படியே மாறும்: சுருளின் சஸெப்டன்ஸ் கழித்தல், கண்டன்சருடையது கூட்டல்.

ஒரு மோட்டாரை எடுத்துக்கொள்வோம்

அண்ணன் வீட்டு போர் மோட்டார், ஒன்றரை குதிரைத்திறன். ஓடும்போது வெளியிலிருந்து பார்த்தால் அது 20 ஓம் தடையும் 15 ஓம் சுருள் ரியாக்டன்ஸும் தொடராக இருப்பது போல நடந்துகொள்கிறது. கணக்கு சுலபமாக வர முழு எண்ணாக்கியிருக்கிறேன். வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றையும் அளந்தால் எந்த மோட்டாருக்கும் இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் 20² + 15² = 400 + 225 = 625. இந்த 625-ஐப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இதுதான் வகுக்கும் எண்.

கண்டக்டன்ஸ் = தடை ÷ 625 = 20 ÷ 625 = 0.032 சீமன்ஸ்
சஸெப்டன்ஸ் = −ரியாக்டன்ஸ் ÷ 625 = −15 ÷ 625 = −0.024 சீமன்ஸ்
அட்மிட்டன்ஸ் அளவு = √(0.032² + 0.024²) = 0.04 சீமன்ஸ்

கரண்ட் வேண்டுமா? வோல்டேஜால் பெருக்குங்கள்: 230 × 0.04 = 9.2 ஆம்பியர். செலவாகும் வாட் வேண்டுமா? வோல்டேஜின் வர்க்கத்தைக் கண்டக்டன்ஸால் மட்டும் பெருக்குங்கள்: 52,900 × 0.032 = 1,693 வாட். இந்த இரண்டாவது கணக்கில் சஸெப்டன்ஸுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எல்லோரும் சறுக்கும் இடம்

"கண்டக்டன்ஸ் என்றால் தடையின் தலைகீழ்தானே? 1 ÷ 20 = 0.05 வரவேண்டுமே, 0.032 எப்படி?" இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நல்ல மாணவர்களுக்குத்தான் இந்தச் சந்தேகம் வரும். சந்தேகம் வராதவர்கள் 0.05 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

தடை தனியாக இருந்தால் 0.05 சரி. இங்கே அதற்கு முன்னால் சுருள் தொடராக நிற்கிறது. 9.2 ஆம்பியர் ஓடும்போது 20 ஓம் தடைக்குக் கிடைப்பது 9.2 × 20 = 184 வோல்ட் மட்டும். சுருள் தன் பங்குக்கு 9.2 × 15 = 138 வோல்ட்டைப் பிடித்துக்கொள்கிறது. 184-ம் 138-ம் கூட்டினால் 322 வருகிறதே என்று திகைக்க வேண்டாம், இவையும் செங்குத்துத் திசைகள்தான். 184² + 138² = 52,900, அதாவது சரியாக 230-இன் வர்க்கம்.

முழு 230 வோல்ட் கிடைத்திருந்தால் அந்தத் தடை 2,645 வாட் எடுத்திருக்கும். 184 வோல்ட்டில் 1,693 வாட்தான் எடுக்கிறது. வெளியே நின்று 230 வோல்ட் கொடுத்துப் பார்க்கிற நமக்கு அது 31.25 ஓம் தடை மாதிரித் தெரிகிறது. 1 ÷ 31.25 = 0.032, கண்டக்டன்ஸ் வந்துவிட்டது. மோட்டாருக்குள் எது எப்படி இருக்கிறது என்பதை அட்மிட்டன்ஸ் சொல்வதில்லை. இரண்டு முனையில் வோல்டேஜைக் கொடுத்தால் வெளியே எப்படித் தெரிகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. இது பிடிபட்டால் மீதிப் பாடம் தானாக வரும்.

மோட்டாரோடு அயர்ன் பாக்ஸ்

மோட்டார் ஓடும்போதே 1,000 வாட் அயர்ன் பாக்ஸையும் போடுகிறோம். அதற்குச் சுருள் வேலை கிடையாது, சஸெப்டன்ஸ் பூஜ்யம். கண்டக்டன்ஸ் 1,000 ÷ 52,900 = 0.0189 சீமன்ஸ். தனியாக அது எடுப்பது 4.35 ஆம்பியர். 9.2-ஐயும் 4.35-ஐயும் கூட்டி 13.55 ஆம்பியர் என்று எழுதத் தோன்றும். பத்திக் கணக்கைப் போடுவோம்.

கண்டக்டன்ஸ்: 0.032 + 0.0189 = 0.0509
சஸெப்டன்ஸ்: −0.024 + 0 = −0.024
அட்மிட்டன்ஸ் அளவு: 0.0563 சீமன்ஸ்
கரண்ட்: 12.9 ஆம்பியர்

மெயினில் டாங் டெஸ்டரைப் பிடித்தால் வருவது 12.9-தான். இரண்டு கரண்ட்டும் ஒரே நொடியில் உச்சிக்கு வருவதில்லை, அதனால் அவற்றை நேராகக் கூட்டக்கூடாது. பத்து சாதனங்கள் இருந்தாலும் வேலை இதேதான்: பத்து வரி, இரண்டு பத்தி, கடைசியில் ஒரு பிதாகரஸ். இதையே ஓமில் போட்டுப் பாருங்கள், இரண்டாவது சாதனத்திலேயே கை வலிக்கும்.

கண்டன்சர் செய்யும் வேலை

மோட்டாரின் சஸெப்டன்ஸ் −0.024. அதன் முனைகளுக்குக் குறுக்கே ஒரு கண்டன்சர் போட்டால் கூட்டல் குறியோடு ஒரு சஸெப்டன்ஸ் சேரும். கண்டன்சரின் சஸெப்டன்ஸுக்குச் சூத்திரம் 2 × 3.14 × 50 × ஃபாரட். ஃபாரட் என்பது கண்டன்சரின் கொள்ளளவுக்கு அலகு, மைக்ரோஃபாரட் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 50 ஹெர்ட்ஸில் முதல் மூன்றையும் பெருக்கி வைத்துக்கொண்டால் 314. 50 மைக்ரோஃபாரட் கண்டன்சருக்கு 314 × 0.00005 = 0.0157 சீமன்ஸ்.

−0.024 + 0.0157 = −0.0083. கண்டக்டன்ஸ் அதே 0.032. அளவு 0.0331, கரண்ட் 7.6 ஆம்பியர். 9.2 இருந்த இடத்தில் 7.6. வயரில் வீணாகும் சூடு கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனில் இந்த மோட்டாரால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். 76 மைக்ரோஃபாரட் போட்டால் சஸெப்டன்ஸ் முழுக்கத் தீர்ந்து 7.36 ஆம்பியர் வரும். அதற்குக் கீழே இறங்க வழியே இல்லை, அது முழுக்க கண்டக்டன்ஸின் கரண்ட்.

"பெரிசாப் போட்டா இன்னும் குறையும்" என்று 150 மைக்ரோஃபாரட் போட்டால்? சஸெப்டன்ஸ் பூஜ்யத்தைத் தாண்டி +0.023-க்குப் போய்விடும். கரண்ட் மறுபடி 9.1 ஆம்பியர். இப்போது கைமாற்று வாங்குவது மோட்டார் அல்ல, கண்டன்சர். அவ்வளவுதான் வித்தியாசம்.

டாங் டெஸ்டரை எங்கே பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். கண்டன்சருக்கு முன்னால், மெயின் பக்கம் பிடித்தால் 7.6. கண்டன்சருக்கும் மோட்டாருக்கும் நடுவே உள்ள வயரில் பிடித்தால் அதே பழைய 9.2. மோட்டார் தன் கைமாற்றை நிறுத்தவில்லை, பக்கத்து வீட்டில் வாங்க ஆரம்பித்திருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: மோட்டாரோடு ஏற்கெனவே வரும் ரன் கண்டன்சர் மோட்டார் ஓடுவதற்கானது, அதன் மேல் கை வைக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். இந்த வேலைக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அண்ணன் வாங்கிய பெட்டி

பெட்டியைத் திறந்து பார்த்தோம். ஒரு பச்சை விளக்கு, அதற்கு இரண்டு மூன்று சின்னச் சாமான்கள், நடுவில் ஒரு கண்டன்சர், மேலே 5 மைக்ரோஃபாரட் என்று அச்சு. இனி உங்களுக்கே கணக்கு தெரியும்: 314 × 0.000005 = 0.0016 சீமன்ஸ். மேசைமேல் இருந்த குட்டி மோட்டாருக்கு அது பெரிய தொகை, எண் சடாரென்று இறங்கியது. போர் மோட்டாரின் −0.024-க்கு அது ஒரு மூலைக்கும் போதாது. பெட்டி போட்டால் 9.2 ஆம்பியர் 9.0 ஆகும்.

சரி, கொஞ்சம் குறைந்தாலும் லாபம்தானே? வீட்டு மீட்டர் எண்ணுவது கிலோவாட்-மணி. அதாவது 52,900 × கண்டக்டன்ஸ், அதுவும் எத்தனை மணி நேரம் என்பதும். கண்டன்சர் தொடுவது சஸெப்டன்ஸ் பத்தியை மட்டும். மீட்டருக்குப் பின்னால் உள்ள நம் வீட்டு வயரில் கொஞ்சம் சூடு குறையும் என்பது உண்மை. அந்த வயர் 0.2 ஓம் என்று வைத்தால், 9.2 ஆம்பியரை 7.6 ஆக்கும் முழு 50 மைக்ரோஃபாரட் கண்டன்சரே மிச்சப்படுத்துவது 5 வாட் சொச்சம்தான், 1,693 வாட்டில். தொழிற்சாலைகளின் கதை வேறு: அங்கே கைமாற்றுக் கரண்டுக்கும் சேர்த்துக் கணக்கு பார்ப்பார்கள், அதனால் கண்டன்சர் பேனல் வைப்பது அவர்களுக்குப் பணத்தை மிச்சப்படுத்தும்.

அண்ணனுக்கு இதெல்லாம் கேட்டும் மனசு ஆறவில்லை. அதனால் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டோம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தது: 3,200 சிமிட்டல் ஒரு யூனிட். பெட்டி இல்லாமல் இருபது சிமிட்டலுக்கு எவ்வளவு நேரம் என்று செல்போனில் பார்த்தார், 13 நொடி. பெட்டியைச் செருகினோம். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி இருபது சிமிட்டல் எண்ணினார். 13 நொடி.